மரம் கேட்டுவைத்தது

தும்பிமேட்டில் விறகு பேசத் தொடங்கியது கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கோயம்புத்தூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த குடும்பம் ஒன்று, கை விறைக்கிறது, கொஞ்சம் கணப்பு மூட்ட முடியுமா என்று யோகராணியிடம் கேட்ட நேரம் அது.

யோகராணி அந்த விடுதியில் அறைகளைப் பெருக்குகிறவள், போர்வைகளை வெயிலில் காயவைக்கிறவள், இருட்டுவதற்கு முன்னால் முற்றத்துக் கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டுகிறவள். அவளுக்கு நாற்பத்துநாலு வயது. புருஷன் மருதை செத்துப் பத்து வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அந்தச் சட்டி, எப்போதோ மூடிப்போன தேயிலை ஃபேக்டரியின் பாய்லர் மூடி. விடுதி முதலாளி ஜோதிராமன் அதைப் பழைய இரும்புக்கடையில் வாங்கி, மூன்று கால் வைத்து, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, மல்லாத்தி வைத்திருந்தார். ரெண்டு பேர் கை கோத்தால்தான் அதன் வாயைச் சுற்றிப் பிடிக்கலாம். ஊரார் முதலில் அதைத் தீச்சட்டி என்றார்கள்; மாரியம்மன் கோயில்காரர்கள் முகம் சுளித்ததால் கணப்புச் சட்டி என்று மாற்றிக்கொண்டார்கள்.

அவள் நெருப்பு மூட்டும் விதத்தை விடுதிக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பதுண்டு. முந்தின நாள் சாம்பலை ரெண்டு விரல் உயரத்துக்கு அடியில் விட்டுவைப்பாள். அதன் மேல் தைல மரத்திலிருந்து உரிந்து தொங்கும் காய்ந்த பட்டையைக் கசக்கிப் போடுவாள். அதன் மேல் ஈர்க்குச்சி கனத்தில் சுள்ளி, பிறகு விரல் கனத்தில், பிறகு மணிக்கட்டு கனத்தில், ரெண்டு இப்படி ரெண்டு அப்படி என்று குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, இடையில் கை நுழையும் அளவு வழி விட்டு, காற்று வரும் பக்கம் மட்டும் வாசல் மாதிரி திறந்துவைத்து, அந்த வாசலில் ஒரே ஒரு தீக்குச்சியை வைப்பாள். மண்ணெண்ணெய் ஊற்றமாட்டாள். முழங்கால் போட்டுக் குனிந்து, தூங்கும் குழந்தையின் முகத்தில் ஊதுவதுபோல நீளமாக ஊதுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் ஊதினாள். பட்டை பிடித்து, சுள்ளி பிடித்து, மேலே வைத்த பிளம்ஸ் மரக்கட்டையில் தீ ஏறியதும், கட்டைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நான் வச்ச குடத்தை எவ நகத்தினது என்று கேட்டது. அதற்கு இன்னொரு குரல், உன் குடம் என்ன பட்டா போட்ட குடமா என்று பதில் சொன்னது. அந்த பிளம்ஸ் மரம் குழாயடியில் நின்ற மரம். போன மாத மழையில் சாய்ந்தது. குரல்கள் சரசக்காவுடையதும் செபஸ்தியாளுடையதும். ரெண்டு பேரும் அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர்க் குடும்பம், சட்டிக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் சத்தம் குறைக்க முடியுமா என்று கேட்டது. யோகராணி ஒரு கட்டையை விலக்கிவைத்தாள். சத்தம் குறைந்தது.

மறுநாள் காலை அவள் இதைப் பஸ் நேரம் மாறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள், ஊரும் அப்படியே கேட்டுக்கொண்டது. சரசக்காவும் செபஸ்தியாளும் மட்டும் சாயங்காலம் வந்து, மிச்சமிருந்த பிளம்ஸ் கட்டைகளை மூட்டச் சொல்லி, அந்த வருஷம் நடந்த தங்கள் சண்டையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டு, குடத்தை நகர்த்தியது ரெண்டு பேரும் இல்லை, ஒரு மாடு என்று கண்டுகொண்டு, சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சட்டியோடு வாழப் பழகியது. என்னென்ன உண்டு, என்னென்ன இல்லை என்பதை அவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். வேறு அடுப்பில் வைத்தால் விறகு பேசாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் ரெண்டு தரம் இருமிவிட்டு ஊமையாகிவிடும். மரம் உயிரோடு நின்றபோது கேட்டது மட்டும்தான் வரும். அறுத்துக் கட்டிலாக்கிய பிறகு கட்டிலில் பேசியது வராது, இதில் பலருக்கு நிம்மதி. தீ பட்டையில் பிடித்து உள்ளே போகிறதால் கடைசி வருஷம் முதலில் வரும், அதற்கு முந்தின வருஷம் அடுத்து வரும், இப்படி வளையம் வளையமாகக் காலம் பின்னால் போய் நடுத்தண்டில் மரத்தின் குழந்தைப் பருவத்தில் முடியும். ஒருதரம் எரிந்தது எரிந்ததுதான், மறுபடி கேட்க முடியாது. ரோட்டோரத் தைல மரங்களில் பஸ் ஹாரனும் ஆட்டுச் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. சோலைக்குள் யாரும் போகாத சரிவில் வளர்ந்த சீகை மரத்தில் மழையும் கேளையாடு என்கிற சின்ன மானின் குரைப்பும் மட்டும் இருந்ததால், வெறுமனே குளிர்காய விரும்புகிறவர்கள் அதையே கேட்டு வாங்கினார்கள்.

விறகு விற்கிறவனிடம், மரம் எங்கே நின்றது என்று விசாரிக்காமல் யாரும் சுமையை இறக்கவிடுவதில்லை. பள்ளிக்கூடத்து வேலியில் நின்ற நாவல் மரத்தை வெட்டப்போகிறார்கள் என்றதும், ஒரு காலத்தில் அந்த மரத்தடியில் நின்று பேசிய எட்டுப் பத்துப் பேர் தனித்தனியாகப் போய் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். மரம் இன்னும் நிற்கிறது. செபஸ்தியாளின் மகன் மஸ்கட்டில் இருந்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது வாய்ப்பாடு ஒப்பித்த கொய்யா மரம் அவள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அவள் வருஷத்துக்கு ஒரு கிளை மட்டும் கொண்டுவந்து, எட்டேழு ஐம்பத்தாறு வரை கேட்டுவிட்டுப் போவாள். தபால்காரர் சிங்கராயர் ஒரு ஆரஞ்சுக் கன்றை நட்டு, தினமும் காலையில் அதனிடம் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். என்ன வாக்கியம் என்று அவர் மனைவி கேட்டதற்கு, நான் போன பிறகு எரித்துப் பார் என்றாராம்.

ஊர்க்கூட்டத்தில் ரெண்டு விஷயம் முடிவானது. ஒரு மரத்தை எரிக்கும் முன்னால் அதனடியில் நின்று பேசியவர்களுக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்பது ஒன்று. எரியும்போது யாருடைய அந்தரங்கமாவது வந்தால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நெருப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காரவேண்டும் என்பது இன்னொன்று. காது கேட்கத்தான் செய்யும், ஆனாலும் திரும்பிவிட வேண்டும். வேறு ஊரில் முதுகைக் காட்டுவது அவமரியாதை. தும்பிமேட்டில் அது மரியாதையாகிவிட்டது. வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில், யாரோ ஒரு பெண் அழுததும் தும்பிமேட்டார் பத்துப் பேர் ஒன்றாகத் திரும்பி உட்கார்ந்ததைப் பார்த்து, இவர்களுக்கு என்ன கோபம் என்று பெண் வீட்டார் குழம்பிப்போனதும் உண்டு.

இப்படி ஒன்றேகால் வருஷம் போனது. அந்த மாசி மாதம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து வளைவில் நின்ற சில்வர் ஓக் மரத்தை அறுத்துப்போட்டார்கள்.

அந்த மரத்திலிருந்துதான் மருதை விழுந்து செத்தான். எஸ்டேட்டில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கிற வேலை அவனுக்கு. அன்றைக்கு மேலே அவன் இருந்தான், கீழே அவன் தம்பி காசிலிங்கம் இருந்தான், வேறு யாரும் இல்லை. அண்ணன் தானாகவே கையை விட்டுவிட்டார் என்று காசிலிங்கம் அழுதுகொண்டே சொன்னதை ஊர் வாங்கிக்கொண்டு, ரெண்டே நாளில், மருதை குதித்துவிட்டான் என்று ஆக்கியிருந்தது. ஏன் குதித்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. யோகராணிக்குத் தெரியும் என்று யோகராணி நினைத்தாள். அன்று காலை நடந்த சண்டையில், எதற்கென்று இப்போது ஞாபகம்கூட இல்லாத ஒரு சண்டையில், நீ இருந்தா என்ன, போனா என்ன என்று அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். இதை அவள் எந்த மனுஷரிடமும் சொன்னதில்லை. அந்த மரத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள், மாதாமாதம் ரேஷன் வாங்கிவரும் வழியில் பையை இறக்கிவைத்துவிட்டு, பதினோரு வருஷம்.

அறுத்த மரத்தை லாரி கொண்டுபோன அன்று சாயங்காலம், காசிலிங்கம் அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்கு உருண்டையாக அறுத்த கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு விடுதி முற்றத்துக்கு வந்தான். அவனுக்கு இப்போது முப்பத்துமூன்று வயது. அண்ணன் செத்த நாளிலிருந்து அவன் அண்ணி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான், கூரை மாற்றினான், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டையை இறக்கிவைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணி, இதைப் பிளக்காம அப்படியே எரிங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. இது சொல்லட்டும்."

யோகராணி கட்டையைப் பார்த்தாள். பட்டை சாம்பல் நிறத்தில், நெடுக வெடித்திருந்தது. அறுத்த முகத்தில் முப்பது வளையம் இருக்கும். அவள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் வைத்து மேலே ஒரு சாக்கைப் போட்டாள். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது. அவள் தினமும் காலையில் சாக்கை விலக்கிப் பார்ப்பாள், மறுபடி மூடுவாள். காசிலிங்கத்தின் வாயில் வராத சொல் என்ன என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆனால் வளையங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கேட்கும் முன்னால் பதினோரு வருஷமாக அவள் சொன்னது முழுவதும் வரும். அது பஸ் ஸ்டாப் மரம். ஊரில் அதனடியில் நின்று பேசாதவர் கிடையாது. சட்டப்படி எல்லாரையும் கூப்பிட வேண்டும். எல்லாரும் கேட்பார்கள்.

நாலாவது வாரம் அவள் வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டுகிறேன் என்று. உருண்டைக் கட்டை சட்டென்று பிடிக்காது, பொழுது முழுக்க எரியும் என்பதால் காலையிலேயே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஜோதிராமன் அன்றைக்கு அறை எதையும் வாடகைக்கு விடவில்லை. யாரும் கேட்காமலே பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டார்.

பனி விலகாத ஏழு மணிக்கு அவள் வேலையைத் தொடங்கினாள். சாம்பலைச் சமன் செய்தாள். பட்டை, சுள்ளி, விரல் கனம், மணிக்கட்டு கனம். எல்லாம் சோலைச் சீகை, மனுஷக் குரல் கேட்காத மரம். தீக்குச்சியை வைத்துக் குனிந்து ஊதினாள். மழைச் சத்தம் எழுந்தது. கேளையாடு ஒன்று ரெண்டு தரம் குரைத்து ஓய்ந்தது. சீகை எரிந்து, உடைந்து, சட்டியின் அடியில் செக்கச்செவேல் என்று தணலாகப் பரவும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். அதற்குள் ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. காசிலிங்கம் உட்காரவில்லை, கொட்டகைச் சுவரோரம் நின்றான். பிறகு அவளும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டையைத் தணலின் நடுவில் நிறுத்திவைத்தார்கள். பட்டையைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே சமமாகத் தீ ஏறட்டும் என்று அவள் சுற்றிவந்து, குனிந்து குனிந்து ஊதினாள்.

முதலில் ரம்பம் அறுக்கிற சத்தம். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களின் பேச்சு, வாழைக்காய் விலை, மாத்திரை பேர், யாரோ ஒருவனின் தும்மல். பிறகு ஒரு பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது, யோகராணியின் குரல் கேட்டது.

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றது அந்தக் குரல். நீ இருந்தா என்ன போனா என்னன்னு ஒரு மனுஷனைப் பார்த்துச் சொல்வாங்களா என்று கேட்டது. முற்றத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சரசக்கா முதலில் எழுந்து திரும்பி உட்கார்ந்தாள், பிறகு செபஸ்தியாள், பிறகு சிங்கராயர், பிறகு ஒரு காற்று புல்லைச் சாய்ப்பதுபோல வரிசை வரிசையாக ஊர் முழுக்கத் திரும்பிக்கொண்டது. யோகராணி மட்டும் நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷத்து மாதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில மாதம் அவள் அழுதிருந்தாள். சில மாதம் திட்டியிருந்தாள், என்னைக் கேட்காமல் போக உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று. ஒரு மாதம், இந்தத் தடவை சர்க்கரை நல்ல சர்க்கரை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. சுற்றிலும் அத்தனை முதுகுகளைப் பார்த்தபோது, தன் வாழ்நாளில் இத்தனை பேர் ஒன்றாகத் தன் பக்கம் நின்றதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு அந்த வருஷத்து வளையம் வந்தது.

கிளையில் அரிவாள் விழும் சத்தம், நிதானமாக, ஒரே தாளத்தில். மருதையின் குரல் உயரத்திலிருந்து இறங்கியது. பதினோரு வருஷத்தில் அவள் அந்தக் குரலின் கனத்தை மறந்திருந்தாள். நினைவில் வைத்திருந்ததைவிட அது மெல்லிய குரலாக இருந்தது.

"காசி, இறங்கினதும் கடைக்குப் போய் வர்க்கி வாங்கணும். உங்க அண்ணி கோவத்துல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா."

கீழிருந்து காசிலிங்கத்தின் இளைய குரல் சரி என்றது. அரிவாள் மறுபடி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மருதை கேட்டான்:

"கயித்த அடிமரத்துல கட்டிட்டியா? நான் அந்தக் கிளைக்கு மாறப்போறேன்."

"கட்டியாச்சுண்ணே."

ஒரு பீடி பற்றவைக்கிற தீக்குச்சியின் உரசல் கேட்டது. பிறகு கயிறு இழுபடும் சத்தம், எதிலும் மாட்டாமல் நழுவி ஓடுகிற சத்தம். அதற்குப் பிறகு வந்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

முதுகைக் காட்டியிருந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சுவரோரம் நின்ற காசிலிங்கம் நாலு அடி முன்னால் வந்து, அனல் முகத்தில் அடிக்கும் தூரத்தில் நின்றான். ஓடிப்போகவும் இல்லை, காலில் விழவும் இல்லை. இருபத்திரண்டு வயதில் சொன்ன ஒரு வார்த்தையை, பீடி பற்றவைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துச் சொன்ன வார்த்தையை, அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். யோகராணி அவனைப் பார்த்தாள். அவளுக்குள் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது, கொள்ளிக்கட்டையை எடுக்கக் கைகூடப் போனது. அந்தக் கோபத்துக்கு அடியிலேயே, அவர் எனக்கு வர்க்கி வாங்க நினைத்திருந்தார், இறங்கிவர நினைத்திருந்தார் என்பது தணல் மாதிரி கிடந்து கனன்றது. ரெண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டு அவள் நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கட்டையைச் சுற்றித் தீ தாழ ஆரம்பித்தது.

"தணல் அடங்குது, காசி," என்றாள் கடைசியில். "கொட்டகையிலேருந்து ரெண்டு சீகை எடுத்துட்டு வா. இன்னும் உள்ள இருக்கு."

அவன் போய் எடுத்துவந்தான். அவள் வாங்கி அடியில் சொருகினாள். பிற்பாடு, அடுத்த வாரத்தில், காசிலிங்கம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, அண்ணன் குதிக்கவில்லை, நான்தான் கயிறு கட்டவில்லை என்று தன் வாயாலேயே சொன்னான். சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள், சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். யோகராணி ரெண்டு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், அடுப்புக்கு விறகு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்குப் பகல் இன்னும் மிச்சமிருந்தது, கட்டையும் மிச்சமிருந்தது.

சீகை பிடித்துக்கொண்டதும் தீ மேலும் உள்ளே போனது, மருதை உயிரோடு வந்தான். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு வருஷம் இளையவனாக அவன் அந்த மரத்தைக் கடந்துபோனான். மேஸ்திரியோடு வாதாடினான், பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டான், தவறான ராகத்தில் பாட்டு முணுமுணுத்தான், மழையில் ஒதுங்கி நின்று தனக்குத்தானே சிரித்தான். ஊரார் இப்போது மறுபடி நெருப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள், ஏனென்றால் இதில் எல்லாரும் இருந்தார்கள். செத்துப்போனவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், இப்போது நரைத்தவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். மத்தியானம் கடந்து வெயில் மஞ்சளானது. யாரோ வீட்டுக்குப் போய் ஒரு அண்டா டீ போட்டுவந்தார்கள். யோகராணியின் கல்யாண வருஷம் வந்தது, நாதஸ்வரம் தூரத்தில் கேட்டது, சிங்கராயர் சந்தோஷத்தில் கை தட்டினார். அதற்கும் உள்ளே போனபோது கட்டை ஒரு கைப்பிடி அளவுக்குச் சிறுத்திருந்தது. இனி தனக்கு இதில் ஒன்றுமில்லை என்று யோகராணி நினைத்தாள். அவள் மருதையை முதன்முதலில் பார்த்தது பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான்; அதற்கு முன்னால் அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

அவள் எழுந்திருக்கப்போன நேரத்தில், தணலுக்குள்ளிருந்து காற்றின் சத்தம் வந்தது, பனி இறங்கும்போது மட்டும் மலையில் கேட்கிற அடைத்த காற்று. மூச்சு வாங்குகிற ஒரு ஆண்பிள்ளைக் குரல், பயத்தை மறைத்துக்கொண்டு கேட்டது:

"யாராச்சும் இருக்கீங்களா? தும்பிமேட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்திருக்கேன். பனியில பாதை தெரியல."

முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு, மேட்டுப் பக்கமிருந்து, முகம் தெரியாத ஒருத்தியின் குரல் வந்தது, பதினெட்டு வயதுக் குரல், விறகுச் சுமையின் கனத்தில் கொஞ்சம் அமுங்கிய குரல். அதை முதலில் அடையாளம் கண்டது சரசக்கா. அவள் கை யோகராணியின் தோளில் வந்து விழுந்தது.

"அங்கேயே நில்லுங்க, முன்னால பள்ளம். நான் பேசிக்கிட்டே இருக்கேன். என் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு மேல வாங்க."

அது தன் குரல்தான்; ஆனால் யோகராணிக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. பனியில் வழி தவறியவர்களுக்கு அந்த மலையில் எல்லாரும்தான் குரல் கொடுத்தார்கள். கட்டைக்குள்ளிருந்த பெண், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே போனாள், இங்கே ஒரு கல் இருக்கு, இங்கே வழுக்கும், எங்க ஆட்டுக்கு நேத்து குட்டி பிறந்தது, வர்றீங்களா, வர்றீங்களா என்று. ஒவ்வொரு தடவையும் அவன், வர்றேன், வர்றேன் என்றான். மருதையின் அந்த மெல்லிய குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. தணல் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி, சிவப்பின் ஓரத்தில் சாம்பல் பூத்தது. யோகராணி முழங்கால் போட்டு, சட்டியின் விளிம்புக்கு முகத்தைக் கொண்டுபோய், நீளமாக, மெதுவாக ஊதினாள்.